தற்காப்புக்கு வீட்டுக்கொரு துவக்கு: சட்டத்தைத் தளர்த்தத்தான் வேண்டுமா?

22 பெப்ரவரி 2025 – ஒரு வாசகரின் கேள்வி

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர் ஒன்றில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கடந்த ஆண்டு கடை இரண்டு முறை உடைக்கப்பட்டது. இரண்டாம் முறை நான் உள்ளே படுத்திருந்தேன். பொலிஸார் வந்து சேர ஐம்பது நிமிடம் சென்றது. மூன்று நாட்களுக்கு முன் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, குடைந்த சட்டப் புத்தகத்துக்குள் மறைத்துக் கொண்டுசெல்லப்பட்ட ரிவோல்வரால், சட்டத்தரணி உடையில் வந்த ஒருவன் கூண்டில் நின்ற கைதியைச் சுட்டுக் கொன்றான். குற்றவாளியிடம் துவக்கு இருக்கிறது. ஒழுங்காக அனுமதி பெற்றவர்களிடமோ, தற்காப்புக்கென வழங்கப்பட்டவற்றை ஒப்படைக்கும்படி 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு கேட்டது. வெள்ளைக்காரன் 1916இல் எழுதிய சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் இன்னும் எத்தனை காலத்துக்கு? குற்றப்பதிவு இல்லாத எவரும் தற்காப்புக்குத் துவக்கு வைத்திருக்கலாம் என்று அது தளர்த்தப்பட வேண்டும். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

23 பெப்ரவரி 2025

தளர்த்தக் கூடாது. முப்பது ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்தவள் நான். பிறந்தது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், துவக்கு இருந்த ஒரு வீட்டில்.

அப்பாவிடம் அனுமதிப்பத்திரத்தோடு ஓர் ஒற்றைக்குழல் துவக்கு இருந்தது. பன்றிக்கும் யானைக்கும் என்று வாங்கியது. நடுவீட்டுச் சுவரில் இரண்டு மர முளைகளின் மேல் அது கிடக்கும். தோட்டாக்கள் அம்மாவின் பெட்டகத்தில் சேலைகளுக்கடியில் இருக்கும். 1985இல் ஓர் இரவு, ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் ஒன்றைச் சேர்ந்த நால்வர் வந்து, "துவக்கத் தாங்க ஐயா" என்றார்கள். அப்பா ஒரு வார்த்தையும் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். துவக்கு இல்லாத அயல் வீடுகளின் கதவை அன்று எவரும் தட்டவில்லை. வீட்டைக் காக்க வாங்கிய பொருள்தான் அவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தது.

தம்பி, உங்கள் கடையில் துவக்கு இருக்கிறதென்று ஊருக்குத் தெரிந்த நாள் முதல், அங்கே களவெடுக்க வருபவனுக்குக் கல்லாப்பெட்டியைவிடப் பெறுமதியான ஒரு பொருள் காத்திருக்கும். பயந்தவன்தான் துவக்கைத் தேடுவான். கோழைத்தனத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கக் கூடாது.

24 பெப்ரவரி 2025

நேற்று இரண்டு வேறு விடயங்களைக் கலந்துவிட்டேன் என்று சட்டத்தரணி ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு அனுமதி வழங்குபவர் மாவட்டச் செயலாளர், அதாவது நாம் இன்னும் அரசாங்க அதிபர் என்றே அழைப்பவர். உயிர்ப் பாதுகாப்புக்கென்று கேட்டால் விண்ணப்பம் பாதுகாப்பு அமைச்சுக்குப் போக வேண்டும். இரண்டுமே ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியவை.

ஆகவே துவக்கே கூடாதென்று நமது சட்டம் சொல்லவில்லை. உனக்கு ஏன் வேண்டும் என்று கேட்கிறது. தம்பி கேட்கும் தளர்வு அந்தக் கேள்வியையே எடுத்துவிடச் சொல்கிறது. குற்றப்பதிவு இல்லை என்பது ஒருவன் நேற்றுவரை பிடிபடவில்லை என்பதை மட்டுமே காட்டும். நாளை இரவு வேலித் தகராற்றில் அவன் என்ன செய்வான் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.

27 பெப்ரவரி 2025

அண்ணன் இதை வாசித்துவிட்டு அழைத்தார். "அப்பா பேசாமல் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறாய், அது பிழை. நீ அறைக்குள் இருந்தாய், நான் திண்ணையில் இருந்தேன்" என்றார். அவர் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

அப்பா துண்டுச் சீட்டு ஒன்று கேட்டிருக்கிறார். துவக்கு தன் பெயரில் பதிவாகியிருப்பதால், கொண்டுபோகிறவர்கள் இன்னார் என்று எழுதித் தந்தால்தான் நாளைக்குப் பொலிஸ் கேட்கும்போது காட்டலாம் என்று விளக்கியிருக்கிறார். நால்வரில் மூத்தவனுக்கு இருபது வயது இருக்குமாம். அவன் மறுக்கவில்லை. மேசையில் கிடந்த தங்கையின் கணக்குக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, சிமினி விளக்கடியில் குனிந்து, துவக்கின் இலக்கம், தோட்டா ஒன்பது, திகதி, இயக்கத்தின் பெயர் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறான். தாளின் மறுபக்கத்தில் தங்கை பாதியில் விட்ட பிரித்தல் கணக்கு ஒன்று இருந்தது என்று அண்ணன் இன்றும் சொல்கிறார்.

அவர்கள் போனபின் அம்மா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்விக்கு வீட்டில் எவரிடமும் பதில் இருக்கவில்லை. "இதைக் காட்டினால் அவங்களோட உங்களுக்குப் பழக்கம் எண்டு சொல்லுவாங்க. காட்டாட்டி நீங்களே கொண்டுபோய்க் குடுத்த எண்டு சொல்லுவாங்க." விடிவதற்குள் துண்டு அடுப்பில் எரிந்துவிட்டது. அப்பா போய், துவக்கு களவு போய்விட்டதென்று முறைப்பாடு எழுதினார். பதினொரு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு இடது காது கேட்கவில்லை; சாகும்வரை கேட்கவேயில்லை.

எங்கள் வீட்டுக்கு மட்டும் நேர்ந்ததல்ல இது. எண்பதுகளின் நடுப்பகுதியில் வடக்கிலும் கிழக்கிலும் விவசாயிகளின் அனுமதி பெற்ற துவக்குகளை இயக்கங்கள் வீடுவீடாகச் சென்று சேர்த்தெடுத்தன. யார் வீட்டில் துவக்கு இருக்கிறதென்பது எந்த ஊரிலும் இரகசியமாக இருந்ததில்லை. சட்டப்படி வாங்கி, ஆண்டுதோறும் பணம் கட்டிப் புதுப்பித்து வைத்திருந்தவன்தான் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்ல வேண்டியவனானான்.

3 மார்ச் 2025

வெல்லாவெளிப் பக்கத்து விவசாயி ஒருவர், பட்டணத்தில் மதிலுக்குள் இருந்துகொண்டு எங்களுக்குப் புத்தி சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். அறுவடைக்கு ஒரு கிழமை இருக்கும்போது அவருடைய வட்டைக்குள், அதாவது வயலுக்குள், யானை இறங்கியிருக்கிறது. அவருடைய கோபம் நியாயமானது. 2019இல் மட்டும் இந்த நாட்டில் யானை தாக்கி 121 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் 405 யானைகள் செத்தன. இரவில் வயல் காக்கப் பரணில் படுத்திருக்கும் முல்லைக்காரனுக்கு ஆனை வெடியையும் தகரத்தையும் தவிர வேறு துணை இல்லை என்பதை நான் மறக்கவில்லை.

பயிர்த் துவக்கை நான் எதிர்க்கவில்லை. அனுமதியைப் புதுப்பிக்க அலுவலகம் அலுவலகமாக அலையவிடுவது ஒழிய வேண்டும் என்பதிலும் அவரோடு உடன்படுகிறேன். ஆனால் அப்பா யானையை நோக்கி ஒருநாளும் வெடி வைத்ததில்லை. வானத்தை நோக்கித்தான் வைப்பார். சன்னம் பட்ட யானை இலேசில் சாவதில்லை. புண் சீழ் பிடித்து, வேதனையோடு அடுத்த ஊருக்குள் இறங்கி, முதலில் எதிர்ப்படும் மனிதனை மிதிக்கும் என்பார். மின்வேலியை அமைத்துவிட்டுப் போகாமல், அதில் படரும் கொடியை வெட்டவும் மின்கலத்தை மாற்றவும் சம்பளத்துக்கு ஆள் வைத்தால், அது நூறு துவக்கைவிடப் பயன் தரும்.

இனி, அனுமதியில்லாத துவக்கைப் பற்றி. அதன் வேலையை நான் கையால் தொட்டிருக்கிறேன். மாடு தேடிக் காட்டோரம் போன பதினைந்து வயதுப் பையன் ஒருவனைச் சாரத்தில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பன்றி வரும் தடத்துக்குக் குறுக்கே நைலோன் நூல் இழுத்து, முழங்கால் உயரத்தில் கட்டிவைத்த இடியன் துவக்கு, குழலுக்குள் வெடிமருந்தை இடித்து நிரப்பும் நாட்டுத் துவக்கு. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகியிருந்தது. கழுவக் கழுவ உள்ளேயிருந்து ஈயத் துண்டும் சைக்கிள் போல்ஸும் வந்தன. அவற்றை எடுப்பது பெரிய வேலையல்ல. வெடிமருந்தை இறுக்குவதற்குத் தென்னந்தும்பை வைத்துத்தான் இடிப்பார்கள்; அந்தத் தும்பு கருகி, நனைந்த மயிர் போலச் சதைக்குள் ஒட்டிக் கிடந்தது. ஓரிழை தங்கினாலும் சீழ் வைக்கும் என்பதால் டொக்டரும் நானும் ஒவ்வோர் இழையாக இடுக்கியால் எடுத்தோம். அப்படி எடுத்தும் ஐந்தாம் நாள் அவனுடைய காலை அகற்ற வேண்டியதாயிற்று. வெளியே விறாந்தை வாங்கில் ஐந்து நாளும் தலை குனிந்திருந்தவர்தான் அந்தத் துவக்கைக் கட்டியவர். பையனின் தாய்மாமன்.

4 மார்ச் 2025

அது சட்டவிரோதத் துவக்கு, அதற்கும் சட்டத் தளர்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறார்கள். தொடர்பு வெடிமருந்தில் இருக்கிறது. தோட்டா தாராளமாகக் கிடைக்கும் ஊரில், அதை உடைத்து மருந்தெடுப்பதும் தாராளமாகும். பழுது பார்ப்பவன் பெருகும்போது, புதிதாகச் செய்து தருபவனும் பெருகுவான்.

9 மார்ச் 2025

2011 ஓகஸ்டில் நமது பகுதியில் நடந்ததை இளையவர்கள் மறந்திருக்கலாம். அல்லது அப்போது சிறுபிள்ளைகளாக இருந்திருப்பார்கள். கிறீஸ் மனிதன் வருகிறான் என்ற கதை கிழக்கு முழுவதும் பரவிய மாதம் அது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு பெண்களைத் தாக்குகிறான், மதில் பாய்ந்து ஓடுகிறான், பிடித்துக் கொடுத்தால் விட்டுவிடுகிறார்கள் என்று ஊருக்கு ஊர் சொன்னார்கள். புத்தளத்தில் கூட்டத்தின் கையில் பொலிஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார். எங்கள் ஒழுங்கையில் பெண்கள் எல்லோரும் ஒரே வீட்டில் படுத்தோம். ஆண்கள் சந்தியில் பொல்லுகளோடு விழித்திருந்தார்கள்.

நாலாம் நாள் அதிகாலை இரண்டு மணியளவில், மூன்றாம் வீட்டு வேலியால் ஓர் உருவம் உள்ளே குதித்தது. "வந்துட்டான்" என்று ஒரு குரல். அதன்பின் பல குரல்கள். நான் டோர்ச்சோடு ஓடிப்போனபோது ஒருவன் கிணற்றடியில் குப்புறக் கிடந்தான். சட்டை கழன்றிருந்தது, முதுகு மினுங்கியது. அது கிறீஸ் இல்லை, வியர்வையும் இரத்தமும். புரட்டிப் பார்த்தால் அந்த வீட்டுப் பிள்ளைதான். கொழும்பில் வேலை செய்தவன், வீட்டைப் பற்றிய பயத்தில் சொல்லாமல் இரவு பஸ்ஸில் வந்து, படலை பூட்டியிருந்ததால் வேலி பாய்ந்திருக்கிறான்.

தலையில் ஏழு தையல். அடித்தவர்களில் ஒருவர் அவனுக்கு ஏடு தொடக்கிவைத்தவர்; மிகவும் நிதானமான மனிதர்; குற்றப்பதிவு எதுவும் இல்லாதவர். அன்று அவர் கையில் இருந்தது பொல்லு. ஓங்கிய பொல்லை இரண்டாவது தடவை ஓங்குமுன் அவனுடைய குரலைக் கேட்டுக் கையை நிறுத்தினார். துவக்காக இருந்திருந்தால் அந்தப் பிள்ளை குரல் எடுத்திருக்கவே மாட்டான். இன்று அவனுக்கு இரண்டு பிள்ளைகள். தற்காப்பு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிணற்றடிதான் நினைவுக்கு வருகிறது. ஏனென்றால் அன்று அங்கே நின்ற ஒவ்வொருவரும் தன் வீட்டைக் காப்பதாகவே நம்பினார்கள்.

15 மார்ச் 2025

சட்டத்தரணி மீண்டும் எழுதியிருக்கிறார். அவர் எழுதியதில் முக்கியமானதை என் சொற்களில் தருகிறேன். தற்காப்பு உரிமை நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள் அதைத்தான் சொல்கின்றன. உயிர் போகும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், தாக்குபவனைக் கொல்லுமளவுக்கும் அந்த உரிமை நீளும். ஆனால் தேவைக்கு மிஞ்சிய தீங்கைச் செய்ய முடியாது. அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருக்கும்போது அந்த உரிமை இல்லை. ஆகவே தம்பி கேட்பது தற்காப்பு உரிமையை அல்ல, அதற்கான ஒரு கருவியை மட்டுமே.

பயிற்சி பெற்றவர்களின் கையில் அந்தக் கருவி என்ன செய்தது என்று மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நமது இரண்டு மாவட்டங்களிலும் பார்த்திருக்கிறோம். 2018 நவம்பர் 30ஆம் திகதி வவுணதீவுச் சோதனைச் சாவடியில் கடமையில் இருந்த இரண்டு பொலிஸ்காரர்கள் கொல்லப்பட்டு, அவர்களுடைய துப்பாக்கிகள் கொண்டுசெல்லப்பட்டன. அவர்கள் ஆயுதம் தாங்கியவர்கள், பயிற்சி பெற்றவர்கள், இருவராக இருந்தவர்கள். முதலில் முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து அடைத்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகுதான் அதைச் செய்தவர்கள் வேறு ஆட்கள் என்பது வெளிவந்தது. 2021 டிசெம்பர் 24ஆம் திகதி திருக்கோவில் பொலிஸ் நிலையத்துக்குள், உடன் வேலை செய்த சார்ஜண்ட் ஒருவரின் சூட்டில் நான்கு பொலிஸ்காரர்கள் இறந்தார்கள். சட்டப்படி வழங்கப்பட்ட துப்பாக்கி. அதைப் பிடித்தது பல ஆண்டு சேவையில் இருந்த கை.

புதுக்கடையிலும் அப்படியே. கூண்டில் நின்றவர் ஆயுதம் தாங்கிய காவலோடுதான் கொண்டுவரப்பட்டிருந்தார்.

16 மார்ச் 2025

அமெரிக்காவைப் பாருங்கள் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பார்த்தேன். 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொது இடத்தில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி கொண்டுசெல்வது குடிமக்களின் உரிமை என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்திய ஆண்டான 2021இல் அங்கே துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனைத் தடுக்க வாங்கி லாச்சியில் வைத்தது, வீட்டுக்காரனின் ஒரு கெட்ட இரவுக்கு உதவியிருக்கிறது. அவுஸ்திரேலியாவோ 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பின், ஏறத்தாழ ஆறரை இலட்சம் துப்பாக்கிகளைப் பணம் கொடுத்துத் திரும்ப வாங்கி அழித்தது.

23 மார்ச் 2025

அந்தக் கெட்ட இரவைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். ஏனென்றால் அதைத்தான் என் வேலையில் அதிகம் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மருத்துவ விடுதியில் வேலை செய்தபோது, நஞ்சருந்திக் கொண்டுவரப்படுபவர்கள் இல்லாத நாளே இருக்கவில்லை. 1995இல் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்து இறந்தார்கள். அது உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று. வயலுக்கு வாங்கிய மருந்து ஒவ்வொரு வீட்டுக் கூரையிடுக்கிலும் இருந்தது. அந்த ஆண்டில் மிகக் கொடிய நஞ்சுகளைத் தடுத்தார்கள், 1998இல் எண்டோசல்பானைத் தடுத்தார்கள். 2005 அளவில் அந்த வீதம் பாதியாகக் குறைந்தது. சனங்களின் துன்பம் அந்தப் பத்தாண்டில் பாதியாகிவிட்டதா? போர் நடந்தது, சுனாமி வந்தது. குறைந்தது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சாவு. பிழைத்து எழுந்தவர்களிடம் மறுநாள் காலை பேசியிருக்கிறேன். ஒருவர்கூட நீண்ட நாள் திட்டமிட்டதாகச் சொல்லவில்லை. அரைமணி நேரக் கோபம், ஒரு வார்த்தை, ஓர் அவமானம். அந்த அரைமணி நேரம் கடந்துபோக விட்டால் ஆள் வாழ்ந்துவிடும். இப்படிப் பாடுபட்டுக் கூரையிடுக்கிலிருந்து ஒன்றை இறக்கிய வீட்டில், சுவரில் இன்னொன்றை மாட்டச் சொல்கிறீர்கள். நஞ்சு குடித்தவருக்கு நாங்கள் மருந்து கொடுக்க அவகாசம் இருந்தது. தோட்டா அந்த அவகாசத்தையும் தராது.

பெண்கள் தனியாகப் போய் வருகிறார்கள், அவர்களுக்காவது துவக்கு வேண்டாமா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். மகளே, நான் காயம் கட்டிய பெண்களில் பெரும்பாலானோரை அடித்தது பெயர் தெரியாத வழிப்போக்கன் இல்லை. முறைப்பாட்டுப் புத்தகத்தில் "வழுக்கி விழுந்தேன்" என்று எழுதச் சொல்லிவிட்டு, வாசலில் நிற்கும் கணவனைப் பார்ப்பார்கள். அந்த வீட்டில் துவக்கு இருந்தால் அலுமாரித் திறப்பு யாருடைய இடுப்பில் இருக்கும்? 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்பதை அந்தப் பெண்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? நான் சொல்லித்தான் பலர் முதல் முறையாகக் கேள்விப்பட்டார்கள்.

6 ஏப்ரல் 2025

இரண்டு கிழமையாக நான் எழுதாததற்குக் காரணம் ஒரே ஒரு வரி. ஏறாவூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "பொலிஸ் காப்பாற்றும் என்கிறீர்கள், 1990இல் யார் யாரைக் காப்பாற்றினார்கள்?"

அந்த ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரைச் சுட்டுக் கொன்றார்கள். சில நாட்களில் ஏறாவூர். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் குழந்தைகள், முதியவர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட தமிழர்களைக் கூட்டிச் சென்று கொன்றார்கள். முதலாவதைச் செய்தது புலிகள் இயக்கம், கடைசியாகச் சொன்னதைச் செய்தது இராணுவம். இதை வைத்துக்கொண்டு, துவக்கில்லாமல் இருங்கள் என்று எந்த ஊரைப் பார்த்துச் சொல்வது? அந்த மாதங்களில் நானும் பாய்க்கடியில் வெட்டுக்கத்தி வைத்துத்தான் படுத்தேன். எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தால் கத்தி வலது கைக்கு எட்டும் என்று பார்த்துப் படுத்தேன்.

அவருக்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஆனாலும் ஊருக்குத் துவக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் அந்தக் காலமே காட்டியிருக்கிறது. ஊர்காவல் படைக்கு அரசாங்கம் துவக்குகளைக் கொடுத்தது; எல்லைக் கிராமத்துச் சனங்களுக்கு அது உண்மையாகவே தேவைப்பட்டது, அதை நான் மறுக்கவில்லை. 1992 ஏப்ரல் 29ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தில், அழிஞ்சிப்பொத்தானை முஸ்லிம் கிராமத்தைப் புலிகள் தாக்கிக் குழந்தைகளையும் கொன்றார்கள். அதே நாளில், அயலில் இருந்த முத்துக்கல், கரப்பொல என்ற தமிழ்க் கிராமங்களுக்குள் பழிவாங்கப் புகுந்தவர்களில் ஊர்காவல் படையினரும் இருந்தார்கள். காப்பதற்கென்று கொடுத்த துவக்கு, அழுகை ஓயுமுன் அடுத்த ஊரின் பிள்ளைகளை நோக்கித் திரும்பியது. துவக்கு இல்லாதிருந்தால் அந்தக் கோபம் இருந்திருக்காதென்று சொல்லவில்லை. அத்தனை பேரைக் கொல்லும் வேகம் அதற்கு இருந்திருக்காது.

இன்று அந்த நிலை மீண்டும் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்பீர்கள். தமிழ் ஊர்களின் வட்டைகளும் முஸ்லிம் ஊர்களின் வட்டைகளும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கின்றன. தண்ணீர்த் தகராறு ஒவ்வொரு போகத்திலும் வருகிறது. தண்ணீர்ப் பங்கைப் பார்க்கும் வட்டை விதானையின் முன்னால் சத்தம்போட்டு முடிகிறது. இரண்டு கரையிலும் வீட்டுக்கொரு துவக்கு வைத்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்குத் துணிவில்லை.

7 ஏப்ரல் 2025

பொலிஸ் காப்பாற்றும் என்று நான் எங்கும் எழுதவில்லை. மேலே தேடிப் பார்த்தேன். பொலிஸ் காப்பாற்றக் கடமைப்பட்டது, அந்தக் கடமையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஐம்பது நிமிடம் ஏன் சென்றது என்று தம்பி எழுத்தில் கேட்டாரா? கேட்டிருந்தால் என்ன பதில் வந்தது?

21 ஏப்ரல் 2025

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள் நடந்து இன்று ஆறு ஆண்டுகள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்குப் பையோடு வந்தவனை, சபையைச் சேர்ந்த ஒருவர் வாசலிலேயே மறித்து, யார், எதற்கு வந்தாய் என்று விசாரித்தார். உள்ளே நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். அவன் வெளியே வெடித்தான். மறித்தவரும், முற்றத்தில் நின்ற சிறுவர்கள் பலரும், வேறு பலரும் இறந்தார்கள். உள்ளே போயிருந்தால் எத்தனை பேர் என்று நினைக்கவே முடியாது. அவரிடம் ஆயுதம் எதுவும் இருக்கவில்லை. இதைப் பற்றி இதற்குமேல் இன்று எழுத முடியவில்லை.

27 ஏப்ரல் 2025

தம்பி பதில் எழுதியிருக்கிறார். முறைப்பாட்டை இப்போதுதான் எழுத்தில் கொடுத்தாராம். அந்த இரவில் கடமையில் ஒரே ஒரு வாகனம்தான் இருந்தது, அதுவும் வேறிடம் போயிருந்தது என்று பதில் வந்திருக்கிறது. சந்தையில் உள்ள பதினேழு கடைக்காரர்களும் சேர்ந்து, இரவுக் காவலுக்கு இருவரை வைத்து, பின்புற ஒழுங்கைக்கு விளக்குப் போடப் பிரதேச சபைக்கு மனுக் கொடுத்திருக்கிறார்கள். மே 6 தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வந்த மூன்று பேரிடமும் அதன் பிரதியைக் கொடுத்தாராம். ஆனாலும் துவக்கு வேண்டும் என்ற எண்ணத்தை அவர் விடவில்லை. பாதுகாப்பு அமைச்சுக்கு விண்ணப்பிக்கப் போகிறாராம். விண்ணப்பிக்கட்டும், அது அவருடைய உரிமை. ஏன் வேண்டும் என்று அவர்கள் கேட்பார்கள். அந்த இரவில் கடைக்குள் கேட்ட சத்தத்தை, எனக்கு எழுதியது போலவே அவர்களுக்கும் எழுதட்டும்.

அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். கடை உடைபட்ட அந்த ஐம்பது நிமிடமும், பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால், மகனின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தாராம். பையனுக்கு எட்டு வயது. அன்று அவரோடு கடையில் படுக்கவேண்டும் என்று அடம்பிடித்து வந்திருக்கிறான். இதை அவர் முதலில் எழுதவில்லை.

பெப்ரவரி 23ஆம் திகதி நான் எழுதிய 'கோழைத்தனம்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். பாய்க்கடியில் கத்தியோடு படுத்த எனக்கு அதை எழுத என்ன உரிமை இருந்தது? தம்பி, அந்த ஒரு சொல்லுக்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். மற்றவை நான் எழுதியபடியே இருக்கட்டும்.